பிரிட்ஜ் ஆட்டமும் கூட்டாளிகளின் குறிமொழியும்

சீட்டாட்டம் பற்றிக் கல்லூரி மலரில் கட்டுரையா என்று முகம் சுளிக்கும் ஆசிரியப் பெருமக்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் தெருவிலோ மங்காத்தாவில் நிலத்தைத் தோற்றவர்கள் உண்டு. என் பையில் சீட்டுக்கட்டைக் கண்ட அன்று அப்பா இரவு உண்ணவில்லை. 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்தது என்றும், அதிலுள்ள தற்செயல் பிரிட்ஜில் சீட்டுப் பகிர்வதில் உள்ளது போன்றதே என்றும் கூறியதை எடுத்துச் சொன்னேன். "கோர்ட்டா உனக்கு பீஸ் கட்டுது?" என்றார். காசு வைத்து ஆடுவதில்லை என்று அண்ணாமலையார் மேல் ஆணையிட்ட பிறகே சமாதானமானார்.

பிரிட்ஜில் எதிரெதிரே அமர்ந்த இருவர் கூட்டாளிகள். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஆட்டத்திற்கு முன் ஏலம் நடக்கும். ஏழு படிகள், நான்கு இனங்களும் நோ டிரம்ப்பும். ஆக 35 கேள்விகள். பாஸ், டபுள், ரீடபுள் சேர்த்தால் 38. இந்த 38 சொற்களைக் கொண்டே தன் கைச்சீட்டைக் கூட்டாளிக்கு உணர்த்த வேண்டும். கண்ஜாடை கூடாது. இன்ன கேள்விக்கு இன்ன பொருள் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். ஆனால் அதை எதிராளிகளுக்கும் சொல்லிவிட வேண்டும். களவுக்கும் குறிமொழிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

விடுதி அறையில் ஒருநாள் என் நண்பர் 'ஒரு நோ டிரம்ப்' என்றார். என்னிடம் ஆறு டைமன், ஒரே ஆர்ட்டின், மற்றவை சில்லறை. இரண்டு டைமனில் நின்றுகொள்வோம் என்று 'இரண்டு டைமன்' என்றேன். அவர் படித்த முறையில் அதற்குப் பொருள், 'என்னிடம் ஐந்து ஆர்ட்டின் உண்டு, நீ ஆர்ட்டின் கேள்' என்பது! அவர் 'இரண்டு ஆர்ட்டின்' என்றார். அவரிடம் நல்ல ஆர்ட்டின் இருக்கிறது போலும் என்று நான் பாஸ் சொன்னேன். இருவரிடமும் சேர்த்து நான்கே துருப்பு, எதிரிகளிடம் ஒன்பது. எட்டுப் பிடிகள் எடுக்க வேண்டிய இடத்தில் மூன்றே எடுத்தோம். எதிரே இருந்த சீனியர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைகள் விழித்துக்கொண்டன.

மறுநாள் ஆராய்ந்தோம். நான் படித்தது பழைய ஆங்கிலேயர் முறை. அதில் ஒரு நோ டிரம்ப் என்றால் 12 முதல் 14 புள்ளி. நான்கு சீட்டு இருந்தாலே ஸ்பேடோ ஆர்ட்டினோ தொடங்கலாம். அவர் படித்தது அமெரிக்க முறை: 15 முதல் 17 புள்ளி, தொடங்க ஐந்து சீட்டு வேண்டும். ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. கட்டில் மொத்தம் 40. மூன்று நோ டிரம்ப் கேட்க இருவரிடமும் சேர்த்து ஏறத்தாழ 26 வேண்டும். என்னிடம் 11 இருந்தால், அவர் கணக்கில் குறைந்தது 26, துணிந்து ஏறலாம். என் கணக்கில் 23 முதல் 25, ஏறினால் சறுக்கல்.

இரண்டிலும் நல்லதைப் பொறுக்கிக்கொள்வோம் என்றேன். அது நடவாது. 15-17 என்று கொண்டால், இனங்கள் சமமாக அமைந்த 12-14 கையை முதலில் ஓர் இனத்தில் தொடங்கி, பிறகு ஒரு நோ டிரம்ப் என்றே சொல்ல முடியும். ஸ்பேடுக்கு ஐந்து வேண்டுமென்றால், நான்கு ஸ்பேட் உள்ள கையைச் சில வேளை மூன்றே கிளாவர் வைத்துக்கொண்டு கிளாவரில் தொடங்க நேரும். அதை அறியாத கூட்டாளி நான்கு கிளாவரோடு ஆதரித்தால் ஏழு துருப்புதான் தேறும். ஒரு செங்கல்லை உருவினால் சுவரே அசைகிறது. ஒரு குறியைச் சேர்க்கும்போது, அந்தக் கேள்வியின் இயல்பான பொருளை இழக்கிறோம் என்பதையும் எண்ண வேண்டும். இரண்டு டைமனை ஆர்ட்டினுக்குக் கொடுத்துவிட்டால், என் ஆறு டைமன் அந்தப் படியில் ஊமைதான்.

2015-இல் சென்னையில் உலக அணிப் போட்டி நடந்தது. பெர்முடா கோப்பையைப் போலந்து வென்றது. அத்தகைய போட்டிகளில் இணைகள் தம் குறிமுறையைத் தாளில் எழுதியே தர வேண்டும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 384 புள்ளிகளுடன் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த பிரணாப் பர்தனுக்கு வயது 60, சிப்நாத் சர்க்காருக்கு 56. வேறெந்த ஆட்டத்தில் இது நடக்கும்?

நாங்களும் ஒரு தாள் எழுதினோம். யார் முறை உயர்ந்தது என்று இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. இறுதியில் என் முறையை நான் விட்டேன். அது தாழ்ந்தது என்பதால் அன்று, சீனியர்களும் அமெரிக்க முறையே ஆடியதால். நோ டிரம்ப்புக்குப் பின் இரண்டு கிளாவர் என்றால் 'நான்கு சீட்டில் ஸ்பேடோ ஆர்ட்டினோ உண்டா?' என்னும் வினா. ஸ்டேமன் பெயரால் வழங்கும் இதை வகுத்தவர் அவர் கூட்டாளி ரபே. பெயர் மட்டும் எழுதியவருக்குப் போயிற்று! இரண்டு டைமன் ஆர்ட்டினுக்கு, இரண்டு ஆர்ட்டின் ஸ்பேடுக்கு. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முழுவதும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு இவற்றை உருப்போட்டோம். ஏஸ்களை எண்ணிக் கேட்கும் பிளாக்வுட் முறையையும் சேர்ப்போம் என்றேன். நான் மறதிக்காரன் என்பதை அறிந்த நண்பர், "செமஸ்டர் முடியட்டும்டா" என்று சொல்லிவிட்டார்.