கழற்றும் முன் குறித்து வை



கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு (1893–1974) இளவயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றவர். அந்தக் கதை தந்த தெம்பில், பண்டார் தெங்காராவில் எங்க வீட்டு போர்ச்சில், மாமாவின் பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காடியின் இன்ஜினைப் பிரித்தேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் செய்த காடி. 1798 சிசி, நாலு சிலிண்டர்.

பிரிக்க ஒரே நாள். பூட்டியதும் கிராங்க் சுற்றவே மாட்டேங்குது!

மாமா குனிந்து பார்த்தார். "கழட்டும்போது நம்பர் பார்த்தியாடா தம்பி?"

இரண்டாவது கனெக்டிங் ராடின் மூடியும் மூன்றாவதின் மூடியும் இடம் மாறியிருந்தன.

ராடையும் மூடியையும் சேர்த்து முடுக்கிய பிறகுதான் அதன் துளையைக் கடைகிறார்கள். அதனால் சொந்த ஜோடியோடு மட்டுமே வட்டம் சரியாக வரும். மாறினால் பேரிங் இறுகும். அப்படியே ஓட்டினால் கிராங்கே கெடும்.

கழற்றும் முன் மூன்று வேலை: எண்ணைப் பார், படம் எடு, உதிரிகளைத் தனித்தனி டப்பாவில் போடு. வால்வைத் தள்ளும் கம்பிகளும் அதனதன் இடத்துக்கே திரும்பணும்.

மாமா ஏசவில்லை. "மறுபடி கழட்டு" என்றார். வெட்கமாத்தான் இருந்தது. ஆனால் அன்று கழற்றியதால்தான் கிராங்க் தப்பியது.