மக்களுக்குத் திறந்த வீதி

நுழையும்முன்

தேரோடும் நாளில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் ஊர்திகள் ஒதுங்கி நிற்கும். வடம் பிடிக்க ஊரே கூடும். அன்று வீதி மக்களுக்கு உரியதாகிறது. ஆண்டுக்கு ஒருமுறை தமிழர் காணும் இக்காட்சியை வாரந்தோறும் காணும் மாநகரம் ஒன்று தென்னமெரிக்காவில் உள்ளது. அங்கு வீதியை நிறைப்பவை மிதிவண்டிகள். நண்பர் சிலர் கூடித் தொடங்கிய மிதிவண்டி ஊர்வலம் ஒன்று, ஒரு நகரத்தின் வழக்கமாக வேரூன்றிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலைமேல் ஒரு மாநகரம்

கொலம்பியா நாட்டின் தலைநகரம் பொகோட்டா. ஆண்டிஸ் மலைத்தொடரின் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் அது அமைந்துள்ளது. உதகமண்டலத்தைவிடவும் உயரமான இடம் அது. அங்கே ஒருமுறை மூச்சை உள்ளிழுத்தால் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரை ஊரில் கிடைப்பதில் முக்கால் பங்கே இருக்கும். சமவெளியிலிருந்து புதிதாகச் சென்றவர், சிறு மேட்டில் மிதிவண்டியை மிதித்தாலும் மூச்சு வாங்குவர்.

எனினும் மிதிவண்டி அந்நாட்டு மக்களின் நெஞ்சுக்கு நெருக்கமானது. நாடு முழுவதையும் சுற்றிவரும் மிதிவண்டிப் பந்தயம் அங்கு 1951ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. மலைச்சரிவுகளில் சளைக்காமல் ஏறும் கொலம்பிய வீரர்களுக்கு ‘வண்டுகள்’ என்னும் செல்லப்பெயரும் உண்டு. அவர்களுள் ஒருவரான லுச்சோ எர்ரேரா 1987இல் ஸ்பெயின் நாட்டுச் சுற்றுப்பந்தயத்தில் வென்றார். பொகோட்டாவை அடுத்த சிப்பாகிரா என்னும் ஊரில் வளர்ந்த ஏகான் பெர்னால், 2019ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சுற்றுப்பந்தயத்தில் வாகை சூடினார். இலத்தீன் அமெரிக்காவிலிருந்து அவ்வெற்றியைப் பெற்ற முதல் வீரர் அவரே.

பந்தய வீரனைப் போற்றிய அந்நகரம், மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் எளியவனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. நகரம் பெருகப் பெருக, சாலைகளை மகிழுந்துகள் நிறைத்தன. மிதிப்பவரும் நடப்பவரும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர்.

நண்பர்கள் தொடங்கிய ஊர்வலம்

இந்நிலையை எண்ணி வருந்திய இளைஞர்களுள் ஒருவர் ஹைமே ஓர்த்திஸ் மரிஞோ. கட்டடக் கலைஞரான அவர், அமெரிக்க ஐக்கிய நாட்டில் கல்வி பயின்று தாயகம் திரும்பியவர். மகிழுந்துக்காகவே வடிவமைக்கப்பட்ட நகரங்களில் மனிதர் படும் இடரை அங்கு அவர் நேரில் கண்டிருந்தார். தம் நகரமும் அவ்வழியே செல்லலாகாது என்று கருதிய அவர், ஒத்த எண்ணம் கொண்ட நண்பர்களுடன் சேர்ந்து மிதிவண்டிக்காகக் குரல்கொடுக்கும் சிறு குழு ஒன்றை அமைத்தார்.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. நகரின் முதன்மை வீதிகளான ஏழாம் சாலையும் பதின்மூன்றாம் சாலையும் சில மணி நேரம் ஊர்திகளுக்கு மூடப்பட்டன. அவ்வீதிகளில் மிதிவண்டிகளுடன் திரண்டவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். நாள்தோறும் அஞ்சி அஞ்சிக் கடந்த சாலையின் நடுவே, அன்று அவர்கள் அச்சமின்றிச் சென்றனர்.

தனியாக மிதிவண்டி ஓட்டுபவர் சாலையில் ஓர் இடையூறாகவே பார்க்கப்படுகிறார். நண்பர் நால்வராகச் சென்றால் சற்றுத் துணிவு பிறக்கிறது. ஐயாயிரவராகச் செல்லும்போது, அவர்களுக்கும் சாலையில் பங்கு உண்டு என்னும் உண்மையை எவரும் காணாதிருக்க இயலாது. எழுத்தாலும் பேச்சாலும் விளக்க அரிதான ஒரு கருத்தை அந்த ஊர்வலம் கண்முன் நிறுத்தியது. 1976இல் நகராட்சி இம்முயற்சிக்கு ஆணை வழியாக ஏற்பு வழங்கியது. ‘மிதிவண்டி வழி’ எனப் பொருள்படும் ‘சிக்லோவியா’ என்னும் ஸ்பானியச் சொல் அதன் பெயராயிற்று.

ஞாயிறு காலைக் காட்சி

இன்று பொகோட்டாவில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை சிக்லோவியா நடைபெறுகிறது. 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள சாலைகள் அதற்கென ஒதுக்கப்படுகின்றன. ஒரே நாளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுவதாக மதிப்பிடப்படுகிறது. சாலை முழுவதையும் எல்லா இடத்தும் அடைப்பதில்லை. இருபுறச் சாலைகளில் பெரும்பாலும் ஒருபுறம் மக்களுக்கு ஒதுக்கப்பட, மறுபுறத்தில் ஊர்திகள் செல்கின்றன. நகரத்தின் இயக்கம் நின்றுவிடாமல் இந்நிகழ்வு நடைபெறுவதற்கு இவ்வேற்பாடே காரணம்.

நகரின் தென்பகுதியிலிருந்து ஒரு நண்பர்குழு புறப்படுவதாகக் கொள்வோம். ஒருவருடையது பந்தயத்துக்குரிய மெல்லிய வண்டி. மற்றொருவருடையது தந்தை வேலைக்கு ஓட்டிய பழைய வண்டி. இன்னொருவர் அண்டை வீட்டில் இரவல் வாங்கி வந்திருக்கிறார். பழைய நகரின் நடுவே உள்ள பொலிவார் சதுக்கத்தைத் தாண்டி, ஏழாம் சாலையில் அவர்கள் வடக்கு நோக்கிச் செல்கின்றனர். வலப்புறத்தில் மோன்செராத்தே மலையும் அதன் உச்சியில் வெண்ணிறத் தேவாலயமும் தெரிகின்றன. அவர்களுக்கு முன்னே ஒரு சிறுமி துணைச்சக்கரம் பொருத்திய வண்டியை மிதித்துச் செல்கிறாள். அவள் பாட்டி அருகே நடக்கிறார். சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார். நாயைப் பிடித்தபடி ஒருவர் ஓடுகிறார்.

வழியில் இரவல் வண்டியின் சக்கரத்தில் காற்று இறங்கிவிடுகிறது. அதனால் பயணம் தடைப்படுவதில்லை. காற்றடிக்கும் பம்பும் ஒட்டுவதற்குரிய பொருள்களும் வைத்துக்கொண்டு பழுதுபார்ப்போர் ஆங்காங்கே சாலையோரத்தில் அமர்ந்திருக்கின்றனர். ஒருவரின் வண்டி சீராகும்வரை குழு முழுவதும் காத்திருக்கிறது. அருகிலேயே பழச்சாறும் வெட்டிய மாம்பழமும் விற்கப்படுகின்றன. நம் நாட்டு வெல்லத்தை ஒத்த ‘பனேலா’வை நீரில் கரைத்துச் செய்யும் பானமும் அந்நாட்டவர் விரும்பிப் பருகுவதாகும், பானகத்தை அறிந்தோர்க்கு அதன் சுவை புதிதாயிராது. பூங்காக்களை அடைந்தால், மேடைமீது நிற்கும் பயிற்றுநரைப் பார்த்து நூற்றுக்கணக்கானோர் இசைக்கேற்ப உடற்பயிற்சி செய்வதைக் காணலாம்.

குறுக்குச் சாலைகளில் ஊர்திகளை நிறுத்தி மக்களைக் கடக்கச் செய்வதற்கெனச் சீருடையணிந்த காவலர்கள் உள்ளனர். அவர்களுள் பலர் இளைஞர்கள். பள்ளி மாணவர்களும் தம் சமூகத்தொண்டுக் கடமையின் பகுதியாக இப்பணியில் சேர்கின்றனர். கொண்டாட்டமாகத் தோன்றும் இந்நிகழ்வு, ஒவ்வொரு வாரமும் விடியுமுன்னே எழுந்து தடுப்புகளை நிறுத்தும் கைகளின் உழைப்பால்தான் நிலைபெறுகிறது.

தேய்வும் வளர்ச்சியும்

சிக்லோவியாவின் பாதை எக்காலத்தும் சீராக இருந்ததில்லை. 1980களின் தொடக்கத்தில் நகராட்சியின் ஆதரவால் அது விரிவடைந்தது. பின்னர்ப் போதிய கவனிப்பின்றித் தேய்ந்தது. 1990களின் இடையில் அந்தானாஸ் மோக்குஸ் மேயராக இருந்தபோது நகரப் பூங்காக்களுக்குப் பொறுப்பேற்ற கில்லர்மோ பெனலோசா அதற்குப் புத்துயிர் அளித்தார். துண்டுதுண்டாகக் கிடந்த வழித்தடங்கள் இணைக்கப்பட்டன; அவற்றின் நீளம் நூறு கிலோமீட்டரைக் கடந்தது.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போக்குவரத்து நெருக்கடி மிகுவதாக மகிழுந்து வைத்திருப்போர் பலர் குறைகூறினர். 2007இல், இந்நிகழ்வின் நேரத்தை மாற்றி நண்பகலுக்குள் முடிக்கவேண்டும் என்னும் சட்ட முன்மொழிவு ஒன்று நாட்டின் பேரவைக்கு வந்தது. அதற்குள் சிக்லோவியாவில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறையே உருவாகியிருந்தது. மக்கள் எதிர்த்துக் குரலெழுப்பினர், முன்மொழிவு கைவிடப்பட்டது. அரசு கொடுத்ததை அரசே எடுத்துக்கொள்ளலாம்; மக்கள் வாழ்வின் பகுதியாகிவிட்டதை எடுத்துக்கொள்வது எளிதன்று.

உடலுக்கும் பொருளுக்கும்

வளர்ந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் செலுத்த இயலாதவர்க்கும் வீட்டருகே பூங்கா இல்லாதவர்க்கும் அதை அடைய வழி எது? பொகோட்டா நகரம் அதற்கெனப் புதிய நிலம் வாங்கவில்லை. புதிய கட்டடம் எழுப்பவில்லை. ஏற்கெனவே உள்ள சாலையின் பயன்பாட்டைச் சில மணி நேரம் மாற்றியமைத்தது.

2012இல் வெளியான ஓர் ஆய்வு, பொகோட்டாவில் இந்நிகழ்வுக்கு ஆகும் செலவு பங்கேற்பாளர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6 அமெரிக்க டாலர் எனக் கணக்கிட்டது. செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் 3 டாலருக்கு மேல் மிச்சமாவதாகவும் அவ்வாய்வு கண்டறிந்தது.

வடக்கும் தெற்கும்

எண்களால் அளக்கமுடியாத பயன் ஒன்றும் உண்டு. பொகோட்டாவின் வடபகுதியில் செல்வர் மிகுதி. தென்பகுதியில் எளியோர் மிகுதி. வடக்கிலுள்ள மாளிகைகளில் வேலைசெய்வோரும் காவல்காப்போரும் தெற்கிலிருந்து நெடுந்தொலைவு வருகின்றனர். வேலைநாளில் இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் முதலாளியாகவும் பணியாளராகவுமே சந்திக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை சிக்லோவியாவில் இருவரும் ஒரே சாலையில், ஒரே உயரத்தில், அருகருகே செல்கின்றனர். மகிழுந்தின் கண்ணாடி அவர்களுக்கு இடையே இல்லை. ஒருவர் வண்டி விலையுயர்ந்ததாகவும் மற்றவர் வண்டி துருப்பிடித்ததாகவும் இருக்கலாம். மேட்டில் ஏறும்போது இருவருக்கும் ஒன்றுபோலவே மூச்சு வாங்குகிறது.

ஏழு மணி நேரத்தில் ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிடாது. பிற்பகல் இரண்டு மணிக்குத் தடுப்புகள் அகற்றப்பட்டதும் அவரவர் தத்தம் பகுதிக்குத் திரும்புகின்றனர். ஆயினும் சமமாக வாழ்வது எப்படி இருக்கும் என்பதை உணர்ந்து பார்க்க ஓரிடமும் ஒரு நேரமும் தேவைப்படுகின்றன. அந்த இடத்தை வீதி தருகிறது.

திங்கட்கிழமை காலையில்

ஞாயிறு தந்த விடுதலை திங்களன்று என்ன ஆகிறது என்னும் வினா எழுவது இயல்பே. வேலைநாளில் அதே சாலையில் பேருந்துக்கும் சரக்குந்துக்கும் இடையே செல்லும் மிதிவண்டியோட்டி விபத்துக்கு அஞ்சுகிறார். வண்டித் திருட்டுக்கும் அஞ்சுகிறார். வாரம் ஒருநாள் கொண்டாட்டம் மற்ற ஆறு நாள்களின் இடரை மறைக்கும் திரையாகிவிடக்கூடாது.

பொகோட்டா இவ்வினாவிலிருந்து விலகிச் செல்லவில்லை. 1990களின் இறுதியிலிருந்து, மிதிவண்டிக்கென நிலையான தனித்தடங்களை அமைத்து வருகிறது. இன்று அவற்றின் நீளம் 500 கிலோமீட்டருக்கும் மேல். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 24, வியாழக்கிழமையன்று, தனியார் மகிழுந்துகள் இல்லாத வேலைநாள் ஒன்றை நகரம் முதன்முதலில் நடத்தியது. அவ்வாண்டின் இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் அதற்கு ஒப்புதல் அளித்தனர். ஆண்டுதோறும் அது தொடர்கிறது. 2020இல் பெருந்தொற்று பரவியபோது, பேருந்து நெரிசலைக் குறைக்கச் சாலைகளில் கூம்புகளை நிறுத்தித் தற்காலிக மிதிவண்டித் தடங்கள் விரைவாக அமைக்கப்பட்டன. சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம் அந்நகரத்துக்கு முன்பே கைவந்திருந்தது. அரை நூற்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அளித்த பயிற்சி அது.

அந்த நண்பர்கள் 1974ஆம் ஆண்டு ஊர்வலத்தோடு கலைந்து சென்றிருந்தால், அது பழைய நாளிதழில் ஒரு செய்தியாக மட்டும் எஞ்சியிருக்கும். மறுவாரமும் அதற்கடுத்த வாரமும் வீதிக்கு வரவேண்டும் என்னும் விடாப்பிடியே அதனை வரலாறாக்கியது. ஒருநாள் திரளும் கூட்டம் கோரிக்கை விடுக்கிறது. நாள் தவறாமல் திரளும் மக்கள் அக்கோரிக்கையை வழக்கமாக்குகின்றனர். வழக்கமானது காலப்போக்கில் உரிமையாகிறது.

தெரிந்து தெளிவோம்

பொகோட்டாவின் சிக்லோவியா உலக நகரங்கள் பலவற்றுக்கு வழிகாட்டியது. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரம் 2004இலும், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2010இலும் இத்தகைய நிகழ்வைத் தொடங்கின. இந்தியாவில் அரியானா மாநிலத்தின் குருகிராம் நகரில் 2013ஆம் ஆண்டு நவம்பரில் ‘ராகிரி நாள்’ என்னும் பெயரில் ஞாயிறு காலை வீதிகள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரின் முதன்மை வீதியில் அரைமணி நேரம் நின்று, அதைப் பயன்படுத்துவோரை நடப்பவர், மிதிவண்டியில் செல்பவர், ஊர்தியில் செல்பவர் என வகைப்படுத்திப் பட்டியலிடுக.
2. ‘வீதியில் முதலுரிமை யாருக்கு?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. ‘சிக்லோவியா’ – பொருள் தருக.
2. சிக்லோவியாவின்போது நகரத்தின் இயக்கம் தடைப்படாமல் இருப்பதற்குக் காரணம் யாது?

சிறுவினா
1. தனியொருவர் மிதிவண்டியில் செல்வதற்கும் ஐயாயிரவர் சேர்ந்து செல்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தின்வழி விளக்குக.
2. 2007ஆம் ஆண்டுச் சட்ட முன்மொழிவு கைவிடப்பட்டது ஏன்?

நெடுவினா
‘வழக்கமானது காலப்போக்கில் உரிமையாகிறது’ – இக்கூற்றைப் பொகோட்டா நகரின் வரலாற்றைக்கொண்டு நிறுவுக.