வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும்



காலை வேளையில் நம் தோட்டத்துச் செம்மண் சாலையோரம் ஓணான் ஒன்று வெயில் காய்வதைக் கண்டிருப்பீர்கள். வெயில் ஏறியதும் அது செடியின் நிழலுக்குள் மறைந்துவிடும். அஃது ஏன் என்று சிந்தித்ததுண்டா?

நம் உடல், உண்ட உணவைக் கொண்டு தானே வெப்பத்தை உண்டாக்கி, ஏறத்தாழ 37 பாகை செல்சியஸில் நிலைநிறுத்திக்கொள்கிறது. பாம்பு, பல்லி, ஆமை முதலிய ஊர்வனவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு அவ்வாற்றல் இல்லை. அவை வெயிலில் சூடேறியும் நிழலில் தணிந்தும் உயிர்வாழ்கின்றன. உடல் குளிர்ந்தால் உண்ட இரை செரிக்காது. வெப்பம் அளவு மீறினாலோ, உயிரே போய்விடும்.

இவ்வுண்மையை நான் ஒரு தவற்றினால் கற்றேன். பல்லாண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன் அறிவியல் மூலைக்கு ஓர் ஓணானைக் கொண்டுவந்தான். அதனைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வெயில் படும் சன்னலோரம் வைக்கச் சொன்னவன் நானே. ஓய்வுவேளை முடிந்து திரும்பியபோது அது இறந்து கிடந்தது. வெயிலைக் கொடுத்த நான், நிழலைக் கொடுக்க மறந்துவிட்டேன். அம்மாணவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே சென்றான்.

கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளில் சிலர், படுக்கையும் அடுப்பும் அமைந்த கேரவன் வண்டியையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகச் செல்வர். அவர்களுள் ஊர்வன வளர்ப்போரும் உண்டு. நம் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துத் தாடி ஓணானை எடுத்துக்கொள்வோம். அதன் பெட்டியில் வெயில் காயும் மூலை 38 முதல் 42 பாகை வரையிலும், மறுமூலை 25 பாகை அளவிலும் இருத்தல் வேண்டும். எனவே மூலைக்கொன்றாக இரண்டு வெப்பமானிகள் தேவை. எது தேவையோ அவ்விடத்தை அதுவே தேர்ந்துகொள்ளும்.

குளிர்கால இரவில் என்ன செய்வது? ஒளியின்றி வெப்பம் மட்டும் தரும் 100 வாட் பீங்கான் குமிழ் 10 மணி நேரம் எரிந்தால் 1,000 வாட்மணி செலவாகும். 12 வோல்ட், 100 ஆம்பியர்மணி மின்கலத்தில் இருப்பதோ 1,200 வாட்மணியே. அதுவும் காரீய அமில மின்கலமாயின், பாதிக்கு மேல் செலவழித்தால் விரைவில் பழுதாகும். கணக்கு உதைக்கிறதல்லவா? ஆகவே பெட்டியின் புறத்தே நுரைப்பலகை பொருத்தி, காற்றுத் துளைகளை மட்டும் திறந்துவைப்பர். வெப்பம் வெளியேறுவது குறைந்தால் மின்செலவும் குறையும். மின்சாரம் தடைப்பட்டால் துணி சுற்றிய வெந்நீர்ப் பை உதவும். அடைத்த வண்டிக்குள் அடுப்பெரித்துச் சூடேற்றுதல் கூடவே கூடாது; அதனால் தோன்றும் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு மனிதரையும் கொல்லும்.

கோடையில் ஆபத்து வேறு. வெளியே 22 பாகையாக இருந்தாலும், வெயிலில் நிற்கும் மூடிய வண்டியின் உள்ளே ஒரு மணி நேரத்தில் 40 பாகையைத் தாண்டிவிடும். என் கண்ணாடிப் புட்டியில் நிகழ்ந்ததும் இதுவே. ஆதலால் வண்டியை நிழலில் நிறுத்தினாலும், பிராணியைத் தனியே அடைத்துவிட்டுச் செல்லலாகாது.

இன்னுஞ் சில விதிகள்: வெப்பக் குமிழுக்குக் கம்பிக்கூடும், வெப்பத்தை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவியும் வேண்டும். வண்டி குலுங்கும்போது பெட்டி விழாதபடி வாரினால் கட்டுதல் வேண்டும். எலும்பு உறுதிக்குத் தேவையான புறஊதாக் கதிரைச் சன்னற்கண்ணாடி தடுத்துவிடும். அதற்கெனத் தனி விளக்கு அவசியம். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக.

மாணவர்களே! தீபகற்ப மலேசியாவில் உடும்பு, மலைப்பாம்பு முதலியவற்றை உரிமமின்றி வளர்ப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சாலையோர ஓணானையும் பிடிக்க வேண்டாம். தள்ளி நின்று பாருங்கள். அது எப்போது வெயிலுக்கு வருகிறது, எப்போது நிழலுக்குச் செல்கிறது என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். ஓர் உயிரை அடைத்து வளர்ப்பவன், அது தானே தேடிக்கொள்ளும் வெயிலுக்கும் நிழலுக்கும் பொறுப்பேற்றவனாகிறான். அப்பொறுப்பை ஏற்க இயலாதவன் அதனை அடைக்காதிருப்பதே அன்பு.