மாத்திரை நின்றுபோன வீடுகள்

சிரஞ்சீவி மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. துணை சுகாதார நிலையத்தில் செவிலியாகப் பொறுப்பேற்ற சில மாதங்களுக்குள்ளாகவே, ஜனங்களுக்கு எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் புத்தி வருவதில்லை என்றும், வீடு தேடிப் போய்க் கொடுத்த மாத்திரையைக்கூட விழுங்காமல் ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று பதில் சொல்கிறார்கள் என்றும் மனம் சலித்து எழுதியிருக்கிறாய். சலிப்பு இயற்கையே, அம்மா. ஆனால் அந்தச் சலிப்பு நாளடைவில் நோயாளியின்மீது கோபமாகத் திரும்பிவிட்டால், உன் கல்வியும் சர்க்காரின் செலவும் இரண்டும் விருதாவாகிவிடும் என்ற கவலையினால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஜுரம் வந்தவனுக்கு மருந்து கொடுப்பது சுலபம். வேதனை தணிந்தவுடன் மருந்தின் மகிமையை அவன் சரீரமே அவனுக்கு உணர்த்திவிடுகிறது. சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் அப்படிப்பட்டவை அல்ல. வலியும் காட்டாமல், வேலையையும் தடுக்காமல், வருஷக்கணக்கில் உள்ளேயே தங்கி விழித்திரையையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கும் ஒரு வியாதிக்காக, இன்று விழுங்கினாலும் விழுங்காவிட்டாலும் நாளைப் பொழுதில் யாதொரு வித்தியாசமும் தெரியாத ஒரு மாத்திரையை, ஆயுள் உள்ளவரையில் ஒரு நாளும் தவறாமல் உட்கொள்ளும்படி நாம் ஒருவரைக் கேட்டுக்கொள்கிறோம். மெத்தப் படித்தவர்களே தடுமாறும் காரியம் இது. ஆதலால் மாத்திரையை நிறுத்தியவரை மூடர் என்று ஒருபோதும் எண்ணாதே. அவர் நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைக் கண்டறிவதே உன் உத்தியோகம்.

நம் ராஜ்யத்தில் மருந்துக்குப் பஞ்சம் இருந்த காலத்தை நான் அறிவேன். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டு, மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளின் வழியே அனுப்பத் தொடங்கிய பிறகு, என்னைப் போன்ற மருந்தாளுநர்கள் சாளரத்துக்கு வெளியே நிற்பவரிடம் ‘இருப்பில் இல்லை’ என்று சொல்ல நேர்ந்த சங்கடம் பெரிதும் குறைந்தது. அப்படியிருந்தும், 2020-ல் மாநிலம் தழுவி எடுத்த ஆய்வில், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவிகிதத்தினருக்கும், சர்க்கரை வியாதி உள்ளவர்களில் 10.8 சதவிகிதத்தினருக்கும் மட்டுமே வியாதி கட்டுக்குள் இருந்தது. மருந்து நிலையத்தில் இருந்தது, நோயாளி வீட்டில் இருந்தார்; நடுவே ஒரு நாள் கூலி போவதும், வரிசையில் கால் கடுக்க நிற்பதும், துணைக்கு ஆளில்லாத முதுமையும் குறுக்கிட்டன. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் சர்க்கார் திட்டம் துவக்கப்பட்டது இந்த இடைவெளியைக் கடப்பதற்காகவே. மாத்திரை மட்டுமன்றி, படுக்கையில் கிடப்பவருக்கு நோய் தணிப்புச் செவிலியும், கை கால் விழுந்துபோனவருக்கு இயன்முறை மருத்துவரும், சிறுநீரகம் கெட்டவருக்கு வயிற்றின் வழியே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் திரவப் பைகளும் வீட்டுக்கே வருகின்றன என்பதை நினைத்தால், இந்த வயதில் எனக்கு நெஞ்சம் நிறைகிறது.

ஆயினும் வாசல்வரை வந்துவிட்ட மருந்து வயிற்றுக்குள் போய்விட்டதாக ஆகாது. இதற்கு நம் சென்னையிலேயே ஓர் அரிய முன்னுதாரணம் உண்டு. 1956-ல் தொடங்கப்பட்ட க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தில், 193 நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீடுகளிலேயே இருக்க விட்டும், ஒரே மருந்துகளை ஒரு வருஷகாலம் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல உணவும் காற்றும் ஓய்வும் பெற்றவர்களுக்கும், அவை எதுவும் வாய்க்காத ஏழைகளுக்கும் குணம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது என்று 1959-ல் வெளியான முடிவு, உலகெங்கும் க்ஷயரோக சிகிச்சையின் போக்கையே மாற்றியது. வீட்டுச் சிகிச்சைக்குக் கிடைத்த வெற்றி என்று இதைச் சொல்வார்கள்; நான் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். அந்த வீடுகளுக்கு முன்னறிவிப்பின்றி ஆட்கள் போய் மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஒருவர் விடாமல் வந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பதிலேதான் அந்த வெற்றியின் பாதி அடங்கியிருக்கிறது.

நீயும் எண்ணிப் பார். ஆனால் குற்றம் பிடிப்பவளாக எண்ணாதே. நம் ஊரில் ஒரு பாட்டியம்மாள் வெற்றிலைப் பெட்டிக்குள் மாத்திரைகளை வைத்திருந்தாள். சர்க்கரைக்கான மெட்பார்மின் அட்டையில் காலை மாத்திரைகள் எல்லாம் போயிருந்தன, இரவு மாத்திரைகள் அத்தனையும் இருந்தன. இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபினின் புது அட்டை பிரிக்கப்படவே இல்லை. பதமாக விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவளோ இரவில் சோறு உண்பதில்லை, நீராகாரத்தோடு படுத்துவிடுவாள். ஆகவே சொன்ன சொல்லைத் தட்டாமல் இரவு மாத்திரையை விட்டுவிட்டாள்! மற்ற மாத்திரையை முன்பு போட்ட நாட்களில் கால் வீங்கிற்று; கால் வீங்கித்தான் பக்கத்து வீட்டுக்காரர் சிறுநீரகம் கெட்டு மாண்டார் என்பதால், பயந்து நிறுத்திவிட்டாள். அம்லோடிபினால் கால் வீங்குவது தெரிந்த சங்கதி, மருத்துவர் நினைத்தால் வேறு மருந்து மாற்றித் தருவார். யாரும் கேட்காததால் அவளும் சொல்லவில்லை, அவ்வளவே.

பி.பி. அளவை எடுப்பதிலும் மிகுந்த சிரத்தை வேண்டும். வெயிலில் நடந்து வந்தவரையும், காபி குடித்தவரையும், பீடி பிடித்தவரையும் உடனே சோதிக்காமல், சாய்ந்து உட்கார வைத்து, ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்கச் செய்து, கை இருதய மட்டத்தில் இருக்கும்படி தாங்கிப் பிடித்த பிறகே பி.பி. பார். வந்த எண்ணை வந்தபடி எழுது. எல்லோருக்கும் 120, 80 என்று நிரம்பிய பதிவேடு மேலதிகாரியை மகிழ்விக்கலாம். அதை நம்பி மருத்துவர் மருந்தைக் கூட்டாமல் விட்ட ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தால் அந்தப் பாவம் எழுதிய கையைச் சேரும்.

சர்க்கரை உள்ளவர்களின் பாதங்களை நீயே திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ‘காலில் புண் உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். நரம்பு மரத்துப்போனவருக்கு முள் குத்தியதே தெரியாது. விரலிடுக்கில் சேற்றுப்புண், ஆணிக்கால், செருப்புவார் உராய்ந்த கொப்புளம், இவற்றைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் ஒரு காலைக் காப்பாற்றியவளாவாய். அமாவாசை, கிருத்திகை என்று விரதம் இருப்பவர்களிடம், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கி, வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பும் என்பதையும், வியர்வையும் நடுக்கமும் கண்டவுடன், நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதையும் வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்லி வை. பத்தியத்தைப் பற்றி அதிகம் பேசாதே. ரேஷன் அரிசியில் காலம் தள்ளும் குடும்பத்துக்குப் புத்தகத்திலுள்ள ஆகாரப் பட்டியலை ஒப்பிப்பதில் பிரயோஜனம் இல்லை. சோற்றைச் சற்றுக் குறைத்துக் கீரையைக் கூட்டவும், ஊறுகாயையும் கருவாட்டையும் அடக்கவும் சொன்னால் போதும்.

உன்னோடு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் பட்டம் பெறாதவர்கள் என்று குறைவாக நினைக்காதே. எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் கடன், எந்தக் கிழவருக்கு மகன் சோறு போடுவதில்லை என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். மாத்திரை ஏன் நின்றது என்பதற்கு விடை அநேகமாக அங்கேதான் இருக்கும்.

‘மாத்திரையும் வேண்டாம், நீயும் வரவேண்டாம்’ என்று கதவைச் சாத்திய தையற்காரரைப் பற்றி எழுதியிருந்தாய். அடுத்த மாதம் பதிவேட்டையும் பையையும் எடுத்துக்கொள்ளாமல், அவர் தொழில் ஓய்ந்திருக்கும் பிற்பகலில் போ. ஊசியில் நூல் கோக்கச் சிரமமாக இருக்கிறதா என்று மாத்திரம் கேள். இருக்கிறது என்பாரானால், கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லி, கடையை மூடிவிட்டு வர எந்த நாள் தோதுப்படும் என்று அவரையே சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டு வா. மாத்திரைப் பேச்சை அவராக எடுக்கும்வரையில் நீ எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா