பிள்ளை அப்ரண்டிஸ் போகிறதா? தாய்மார் கேட்க வேண்டியவை



நூற்பாலையில் எலக்ட்ரீசியனாக வேலை பார்த்துக்கொண்டே, புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக் கொடுப்பவர்கள் நாங்கள். குழுக்கடன் வாங்கி மகனையோ மகளையோ ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிக்க வைத்த தாய்மார் உங்களில் பலர் இருப்பீர்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பு. அது முடிந்து ஆலையில் அப்ரண்டிஸ் சேர்ந்ததும், "வேலை கிடைச்சிருச்சு" என்று நிம்மதி அடைகிறோம். அது வேலை இல்லை, படிப்பின் மறுபாதி. உயிராபத்து உள்ள பாதியும் அதுதான்.

ஆலை மோட்டார்களுக்கு வருவது மூன்று பேஸ் லைன், 415 வோல்ட். வீட்டில் உள்ள 230 வோல்ட்டே ஆளைக் கொன்றுவிடும். 40 வாட் குண்டு பல்பு எரிய ஆகும் கரண்டில் ஐந்தில் ஒரு பங்கு உடம்பு வழியாகப் போனாலே இதயத் துடிப்பு குலைந்துவிடலாம்.

அதனால் நாங்கள் முதலில் கற்றுக் கொடுப்பது லைனை அணைக்கத்தான். மெயினை இறக்கி, பியூஸ் கட்டையைக் கழற்ற வேண்டும். மெயினைப் பூட்டி, வேலை செய்கிற ஆளே சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டையும் தொங்கவிட வேண்டும். ஏன் இவ்வளவு? ஷிப்ட் மாறி வருகிறவருக்கு உள்ளே ஒருவர் கை வைத்திருப்பது தெரியாது. மெஷின் ஓடலையே என்று மெயினைத் தூக்கிவிடுவார்!

பிறகு டெஸ்ட் லாம்ப். அதை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, அப்புறம் அணைத்த லைனில் பார்த்து, திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். பல்பு போயிருந்தால் உயிருள்ள லைனும் செத்த லைன் மாதிரிதானே தெரியும்? கெப்பாசிட்டர் என்று ஒன்று உண்டு. மெயினை அணைத்த பிறகும் அது கரண்டைப் பிடித்து வைத்திருக்கும்.

பெண்பிள்ளைக்கு இந்த வேலை சரிப்படுமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சரிப்படும். வளையல், செயின், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, முடியைக் கொண்டை போட்டு, துப்பட்டா இல்லாமல் வர வேண்டும், அவ்வளவுதான். மோதிரம் போடும் பையன்களுக்கும் இதையேதான் சொல்கிறோம்.

சில இடங்களில் அப்ரண்டிஸை ஏணி தூக்கவும் டீ வாங்கவும் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஆள் குறைந்த ஒரு ராத்திரியில் அதே பிள்ளையைத் தனியாகப் பேனல் போர்டுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே வீட்டுக்கு வந்ததும் கேளுங்கள்: இன்னைக்கு என்ன வேலை? பக்கத்தில் யார் இருந்தாங்க? சாவி யார்கிட்ட இருந்துச்சு? "மெஷினை நிறுத்தினா உற்பத்தி போயிரும், லைன்லயே பாருன்னாங்க" என்று பிள்ளை சொன்னால், "பெரியவங்க சொன்னா கேட்டுக்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் போட வேண்டும். பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2019-இல் விதி திருத்தப்பட்டது. பயிற்சியில் அடிபட்டால் நிவாரணம் தருவது முதலாளி பொறுப்பு. ஒப்பந்தம் பதிவாகாவிட்டால் கடைசியில் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழும் கிடைக்காது. சந்தேகம் இருந்தால் பிள்ளை படித்த ஐ.டி.ஐ.யிலேயே விசாரிக்கலாம்.

ஒப்பந்த நகலை அடுத்த குழுக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் படித்துச் சொல்லட்டும்.