பழைய ஸ்லைடு படங்களை யந்திரத்தால் மொத்தமாக நகலெடுத்தல்

முற்காலத்தில் விவசாய இலாகாவினர் கிராமந்தோறும் மாஜிக் லாந்தர் விளக்கைக் கொண்டுசென்று, கண்ணாடி ஸ்லைடுகளின் மூலம் விதை, எரு, உழவு முதலிய விஷயங்களைக் குடியானவர்களுக்கு விளக்கி வந்தனர். 1936-ம் வருஷத்தில் கோடாக்ரோம் என்னும் வர்ண பிலிம் 35 மில்லிமீட்டர் காமிராக்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது. அதன்பின் இரண்டு அங்குலச் சதுரச் சட்டத்தில் பொருத்திய சிறு ஸ்லைடுகள் பரவின. காரைக்கால் பிரதேசத்து மண்டபத்தூர் போன்ற கடலோரக் கிராமங்களில், பிரான்சு முதலிய தேசங்களுக்குச் சென்று மீண்ட குடும்பத்தாரின் பெட்டிகளில் இவை இன்றும் இருக்கக்கூடும்.

இப்படங்களில் திருவிழாவும் கலியாணமும் மட்டுமின்றி, அவற்றின் பின்புறத்தில் அக்காலத்து வயல், வாய்க்கால், மணல்மேடு, கடற்கரை ஆகியவையும் பதிந்திருக்கும். நிலக் கணக்குகளுக்கு இவை ஈடாகா. எனினும் கணக்கில் ஏறாத பல விவரங்களை இவற்றால் அறியலாம். ஆகையால் இவற்றைக் காப்பது மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்கத்தக்க காரியமாகும்.

ஸ்லைடுகள் கெடும் விதம்

பிலிமின் மேல் படத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் என்னும் பசை. கடற்காற்றின் ஈரம் மிகுந்த இடங்களில் இப்பசையின்மேல் பூஞ்சாளம் பூத்து, வேர் பரவியதுபோல் படத்தை அரித்துவிடும். கோடாக்ரோம் படங்கள் இருட்டில் வைத்தால் நெடுங்காலம் நிறம் மாறாமலிருக்கும். அடிக்கடி விளக்கொளியில் காட்டினால் மங்கும். பழைய எக்டாக்ரோம் முதலிய வேறு சில பிலிம்களோ இருட்டிலும் நிறம் வெளுத்துச் செந்நிறமாகிவிடும். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை காரைக்கால் கரையோரத்தைத் தாக்கியபோது கண்டபடி, ஈரத்துக்குத் தப்பிய பொருளும் ஒரே நாளில் நீரோடு போகலாம். ஒரே பிரதியாக உள்ள படம் போனால் மீண்டும் கிடைப்பதில்லை.

யந்திரமும் அதன் வேலையும்

ஸ்கானர் என்னும் யந்திரம் ஸ்லைடின் ஊடே ஒளியைச் செலுத்திப் படத்தைக் கம்ப்யூட்டருக்குரிய எண்களாக மாற்றுகிறது. ஒவ்வொன்றாகக் கையால் வைத்தால் ஆளின் நேரம் வீணாகும். இதற்காகவே ஆட்டோ பீடர் என்னும் துணைக்கருவி ஏற்பட்டது. நிக்கான் கம்பெனியாரின் பீடரில் ஒரே தடவை 50 ஸ்லைடுகள் வரை அடுக்கலாம். ஒரு படத்துக்கு மூன்று நிமிஷமானால், 50 படங்களும் இரண்டரை மணியில் முடியும். அதுவரை ஆள் வேறு வேலை பார்க்கலாம். அக்கம்பெனியார் இவ்வகை ஸ்கானர்கள் செய்வதை நிறுத்திவிட்டபடியால், பழைய யந்திரத்தை வாங்குவோர் அதை ஓட்டிப் பார்த்தே வாங்கவேண்டும்.

அங்குலத்துக்கு 4,000 புள்ளி வீதம் எடுத்தால், ஒரு படத்தில் சுமார் இரண்டு கோடியே பதினாலு லக்ஷம் புள்ளிகள் அமையும். வீட்டு உபயோகத்துக்கு இதற்குமேல் வேண்டியதில்லை.

முன் ஆயத்தம்

யந்திரத்தில் நேரும் தடைகளிற் பெரும்பாலானவை ஸ்லைடுகளை அடுக்குவதில் உண்டாகும் பிழைகளே. கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

1. அட்டைச் சட்டங்களையும் பிளாஸ்டிக் சட்டங்களையும் கலந்து அடுக்கலாகாது. கனம் மாறுபட்டால் இரண்டு ஸ்லைடுகள் சேர்ந்து நுழைந்து சிக்கிக்கொள்ளும்.

2. வளைந்த, முனை பிரிந்த சட்டங்களையும் கண்ணாடிச் சட்டங்களையும் தனியே பிரித்து, ஒவ்வொன்றாகக் கையால் வைக்கவேண்டும்.

3. தூசியை ரப்பர்க் குமிழால் ஊதி அகற்றவேண்டும். பூஞ்சாளம் பிடித்த பிலிமில் தண்ணீர் பட்டால் பசை கரைந்து படமே போய்விடும்.

4. எல்லா ஸ்லைடுகளையும் ஒரே முகமாக அடுக்கவேண்டும். முகம் மாறினால் இடம் வலமாகத் தெரியும்.

5. தூசியின் தழும்பை அகச்சிவப்பு ஒளியால் கண்டு நீக்கும் முறை சாதாரண வர்ண பிலிமுக்கு நன்று. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அது உதவாது. கோடாக்ரோமில் பிழை செய்யக்கூடும். இவ்விரண்டையும் தனி அடுக்காக எடுக்கவேண்டும்.

பெயரும் இடமும் எழுதுதல்

யந்திரம் படத்தை எடுக்குமேயன்றி, அது எந்த வயல், எந்த வருஷம், நிற்பவர் யார் என்று சொல்லாது. களத்தில் அடித்த நெல்லைத் தூற்றாமல் பத்தாயத்தில் இடுவாரில்லை. பெயரெழுதாத படக் குவியலும் அத்தகையதே. ஆகவே அடுக்குவதற்கு முன்பே ஒவ்வொரு சட்டத்திலும் பென்சிலால் எண்ணிட்டு, அதே எண்ணை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி, தெரிந்த விவரங்களைக் குறிக்கவேண்டும். சட்டத்தில் பழைய எழுத்தோ தேதி முத்திரையோ இருந்தால் அதையும் படியெடுக்கவேண்டும். நகலெடுத்தபின் ஒரு நாள் மாலையில் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் படங்களைத் திரையில் காட்டி, அவர்கள் சொல்வதை உடனே எழுதிக்கொள்வது மிகவும் விரும்பத்தக்கது. யந்திர வேலையை அடுத்த வருஷமும் செய்யலாம். பெரியவர்களின் ஞாபகம் அவ்வாறு காத்திராது.

புதுச்சேரியில் 1955-ல் ஏற்பட்ட பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் தென்னாட்டுக் கோயில்களைக் குறித்து ஒரு லக்ஷத்துக்கும் மேற்பட்ட போட்டோக்களைச் சேகரித்திருக்கிறது. அவற்றால் ஆராய்ச்சிக்காரர் பயனடைவது ஒவ்வொரு படத்துக்கும் ஊரும் இடமும் குறித்திருப்பதனாலேயே.

சேமிப்பு

மூலப் பிரதியை டிப் முறையிலும், பிறருக்குக் கொடுக்கும் பிரதியை ஜேபெக் முறையிலும் வைக்கலாம். இரண்டு தனித்தனி வட்டுகளில் பதிந்து, ஒன்றைக் கடற்கரைக்கு அப்பாலுள்ள உறவினர் வீட்டில் வைப்பது உசிதம். நோட்டுப் புஸ்தகத்தின் நகலும் அதனுடன் இருக்கவேண்டும். நகலெடுத்தாயிற்றென்று அசல் ஸ்லைடுகளை எறிந்துவிடலாகாது. வட்டு கெட்டால் திரும்ப எடுப்பதற்கு அவையே ஆதாரம்.

சில பத்து ஸ்லைடுகளே உள்ள குடும்பம் தனியாக யந்திரம் வாங்குவது வீண் செலவு. பல குடும்பத்தார் கூடி ஒன்றை வாடகைக்கு எடுத்து, முறைவைத்து உபயோகித்தால் சிக்கனமாக முடியும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதற்கு முன்னின்று, முதலில் எந்தெந்த வீட்டில் எத்தனை ஸ்லைடுகள் உள்ளன என்று ஒரு ஜாபிதா தயாரிப்பார்களாயின், பாதி வேலை முடிந்ததாகும். அடைமழைக் காலத்துக்கு முன்பே பெட்டிகளைத் திறந்து பார்ப்பது நலம்.