குறிப்பேடு எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்பதில் எனக்குப் பெருமை. ஒருவர் வீட்டை விற்றுக் கட்டணம் கட்டுகிறார், பக்கத்து அறைக்காரர் ஒரு காசும் கட்டுவதில்லை, ஏன் என்று கேட்டிருந்தாய்.

அங்கே மருத்துவத்துக்குக் கட்டணமில்லை; குளிப்பாட்ட, ஊட்டிவிட, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் கட்டணம் உண்டு. சேமிப்பும் சொத்துமாக 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் உள்ளாட்சி உதவாது. துணைவர் யாரும் குடியிருக்காத வீடும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் 18 வயது கடந்த ஒருவரின் தேவை முதன்மையாக உடல்நலம் சார்ந்தது என்று முடிவானால், இல்லத்தின் முழுச் செலவையும் அரசின் சுகாதார சேவையான என்.எச்.எஸ். ஏற்கும். சொத்து எவ்வளவு என்று கேட்காது.

உடல்நலத் தேவைக்கும் பராமரிப்புத் தேவைக்கும் இடையிலான இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாக்கியது பமீலா கோக்லன் வழக்கு. 1971-இல் சாலை விபத்தில் கைகால் செயலிழந்தவர் அவர். ஆயுள் முழுக்க இங்கேயே இருக்கலாம் என்று வாக்குக் கொடுத்து எக்ஸெட்டரில் ஓர் இல்லத்தில் வைத்த சுகாதார ஆணையம், பிறகு அதை மூட முனைந்தது. அவர் வழக்காடினார். உள்ளாட்சியின் சமூக சேவை தரக்கூடிய அளவைத் தாண்டியது அவருக்கான செவிலியம் என்று 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நோயின் பெயர் இங்கே எதையும் தீர்மானிப்பதில்லை. மறதிநோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தாலே பணம் வரும் என்று நம்பிப் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. மூச்சு, உணவு, தோல், நடமாட்டம், நடத்தை என்று 12 தலைப்புகளில் தேவையை அளப்பார்கள். அது எவ்வளவு கடுமை, எவ்வளவு சிக்கல், எப்போது என்ன ஆகுமென்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பார்ப்பார்கள்.

உன் வேலை இங்கேதான் முக்கியமாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு முதியவரை நீ புரட்டிப் படுக்க வைப்பதால்தான் அவருக்குப் படுக்கைப் புண் வரவில்லை. நீ 'இரவு நன்றாகத் தூங்கினார்' என்று மட்டும் எழுதினால், படிக்கிறவருக்கு அவர் சிரமமில்லாத மனிதராகத் தெரிவார். நன்றாகக் கவனிக்கப்படும் தேவையும் தேவைதான் என்று அரசின் வழிகாட்டு நெறியே சொல்கிறது. ஆனால் குறிப்பில் இல்லாததை யார் கணக்கில் எடுப்பார்? எத்தனை மணிக்குப் புரட்டினாய், எத்தனை பேர் தேவைப்பட்டார்கள், மருந்தை எப்போது தட்டிவிட்டார், எவ்வளவு நேரம் பேசிச் சம்மதிக்க வைத்தாய் என்று எழுது. கூட்டியும் எழுதாதே, குறைத்தும் எழுதாதே.

மதிப்பீட்டுக் கூட்டத்தில் குடும்பத்தாரும் உட்காரலாம். அவர்களுக்கு அது தெரியுமா என்று கேட்டுப் பார். மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் மறு ஆய்வு கோரலாம். உடல்நிலை வேகமாகச் சரிந்து இறுதிக்கட்டத்தை நெருங்குகிறவருக்கு நீண்ட மதிப்பீடு வேண்டாம், விரைவு வழி இருக்கிறது. அதை மருத்துவரோ செவிலியரோ பரிந்துரைக்க வேண்டும். அவர் நிலை மாறுவதை முதலில் பார்க்கிறவன் நீ, உடனே செவிலியரிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்